ஜெயம்மா வீட்டு வாசக்கால்

ஆந்திர எல்லையோர நகரியில் பாலசுந்தரத்தைத் தேடி வருகிறவர்கள் தறி மெக்கானிக் என்று கேட்டால் போதும். விசைத்தறி ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். வயது ஐம்பத்தொன்று. வலது காது பாதிதான் கேட்கும். முப்பது வருஷம் தறிக்கூடத்தில் நின்றவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை.

சாயங்காலம் வந்து கையிலிருக்கும் கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிவிட்டுத் தெருவைப் பார்த்த ஜன்னலோரம் உட்காருவான். மேஜைமேல் போர் விமானங்கள். பெட்டிக்குள் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். வெட்டி, உப்புத்தாளால் உரசி, ஒட்டி, வர்ணம் தெளித்து நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்காக ஆக்குவான். அந்தக் கணக்கில் ஓர் ஆள் இரண்டேகால் சென்டிமீட்டர். வீடு, நெருப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாற்போல் இருக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் தறிக்குச் சாமான் வாங்கச் சென்னைக்குப் போனவன் ஒரு கடையில் மூடியிலிருந்த படத்தைப் பார்த்து முதல் பெட்டியை வாங்கினான். மகளுக்கு என்று மனைவி தேவயானி நினைத்துக்கொண்டாள். மகள் படித்து முடித்து ஓசூரில் வேலைக்கே போய்விட்டாள். விமானங்கள் கூரையிலிருந்து பத்தொன்பது தொங்குகின்றன.

"வேற ஆம்பளைங்க குடிச்சிக்கினு வராங்க, இவரு ஒட்டிக்கினு இருக்கறாரு," என்பாள் தேவயானி. புகாரா பெருமையா என்று அவளுக்கே தெரியாது.

போன வருஷம் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. போனில் சண்டைப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. விமானத்தைப் படம் எடுத்தவன் கீழே இருந்ததை எடுக்கவில்லை. கீழே இருந்ததை எடுத்தவனுக்கு விமானம் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. போர்க்காட்சிகள் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவனும் இருந்தான். திருப்பதியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கண்காட்சி வைக்கப்போவதாகவும் அதில் சொன்னார்கள்.

முதலில் படத்தைப் பார்த்து ஏதோ ஒரு தேசத்துத் தெருவைச் செய்தான். சுவரை இடித்துப் பார்த்தான். பேக்கரிக் கண்ணாடிக்குள் வெட்டிவைத்த கேக் மாதிரி இருந்தது. தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்தான். அதுவும் கேக்தான். ஒரு வீடு எப்படி இடியும் என்று தெரிய வேண்டுமானால் அது எப்படி நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பாலசுந்தரம் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். தெரு அங்கே இருந்தது.

நான்கு மாதம். ஏழு வீடுகள். வெள்ளையடிக்குமுன் பூசுகிற பட்டிமாவைக் குழைத்துச் சுவர் எழுப்பி, காய்ந்ததும் இடுக்கியால் ஒடித்தான். கான்கிரீட்டிலிருந்து துருத்தும் கம்பிக்குத் தாமிர இழை. செங்கல்லுக்குச் செங்கல்லையே பொடித்துச் சலித்துக்கொண்டான். மேலே ஒரு கம்பியில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு ஜெட் விமானம், எந்த நாட்டு முத்திரையும் ஒட்டாமல். குண்டு நடுவில் விழ வேண்டும், அப்போதுதான் காட்சி அமையும். அவன் நாற்காலியிலிருந்து பார்த்தால் நடுவில் இருப்பது எதிர்வீடு, ஜெயம்மா வீடு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடித்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டான். மகளுக்கும் அனுப்பினான். அவள் 'எங்க நைனா செஞ்சது' என்று ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். திங்கட்கிழமை காலை எட்டுமணிக்குள் தெருவில் எல்லார் போனிலும் தெருவே இடிந்து கிடந்தது.

எட்டேகாலுக்கு ஜெயம்மா வந்தாள். அறுபது வயதைத் தாண்டியவள். புருஷன் இல்லை. ஒரே மகன் வேணு கல்ஃபில் லாரி ஓட்டப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

"ஏம்பா பாலா, எங்க வூடு உனக்கு இன்னா பாவம் பண்ணுச்சு?"

தேவயானி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "அக்கா, அது சும்மா பொம்மைக்கா."

"பொம்மையா? காட்டு."

பாலசுந்தரம் பலகையை மூடியிருந்த துணியை எடுத்தான். ஜெயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நீல கேட் ஒற்றைக் கீலில் தொங்கியது. தண்ணீர் டிரம் நசுங்கிக் கிடந்தது. இடிபாட்டுக்கு வெளியே படியோரமாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. நீல வார். ஒவ்வொன்றும் அரிசியில் பாதி.

"இது என் புள்ள செருப்பு."

"தெரியாதுக்கா. தெனமும் பாக்கறேன், அங்க இருக்குது. இருந்ததை வெச்சேன்."

"அவன் போன அன்னிக்கு வுட்டுட்டுப் போனது. வூட்ல ஆம்பள இருக்கறான்னு தெரியட்டும்னு நான்தான் அங்கயே வெச்சுக்கினு இருக்கறேன். தெனம் கழுவி வெக்கறேன்." அவள் குரல் இறங்கியது. "சனிக்கெழமைலேர்ந்து அவன் போனு போகல பாலா. அந்தப் பக்கம் மேல ஏதேதோ பறக்குதுன்னு டிவில சொல்றான். நீ இங்க என்னாடான்னா வூட்டை இடிச்சி, செருப்பை மட்டும் வெளிய வெச்சிருக்கற."

தேவயானி புருஷனைப் பார்த்தாள். செருப்பை வைத்த அன்றைக்குப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதற்கப்புறம்தான் அது தெருவாக இருந்தது. ஆள் இல்லாமல் ஆளைக் காட்டிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டதும் அவன்தான்.

"உள்ள கட்டிலு ஒண்ணு கெடக்குதே, அது யாருது?" என்றாள் ஜெயம்மா.

"சும்மா வெச்சேன்க்கா."

"எங்க வூட்ல கட்டிலே இல்ல. பாயிதான். உள்ள இன்னா இருக்குதுன்னுகூடத் தெரியாம இடிச்சிட்டியேப்பா."

இருபத்திரண்டு வருஷம் எதிரெதிர் வீடு. அவன் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. போக வேண்டிய வேலை வரவில்லை, அவ்வளவுதான்.

"வேணாம்க்கா. இப்பவே ஒடைச்சிப் போட்டுடறேன்." விமானம் நின்ற கம்பியைப் பிடுங்கக் கையை நீட்டினான். ஜெயம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருவாட்டி ஒடைச்சது போதாதா? கட்டிக் குடு. என் வூட்டை இருந்த மாதிரியே கட்டிக் குடு."

"சரிக்கா. நாளைக்கே."

"நாளைக்கு செவ்வாக்கெழமை. எவனாச்சும் செவ்வாக்கெழமை வாசக்கால் வெப்பானா?"

செவ்வாயன்று அவன் இடிபாட்டை மட்டும் அள்ளினான். ஊசிமுனை இடுக்கியால் ஒவ்வொரு துண்டாக எடுத்து டம்ளரில் போட்டான். தறிக்கூடத்துக்குப் போகவில்லை. எதிர்வாசலில் ஜெயம்மா போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். ஏஜென்டுக்குப் பேசினாள், புத்தூரில் இருக்கிற யாருக்கோ பேசினாள். யாருக்கும் தெரியவில்லை. அவள் நடுவில் செருப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பாலசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டான்.

புதன்கிழமை ஒன்பதேகாலுக்கு மேல் பத்தேகாலுக்குள் நல்ல நேரம். ஒன்பது மணிக்கே ஜெயம்மா மஞ்சள், குங்குமம், ஒரு கைப்பிடி கேழ்வரகோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். அவன் நெருப்புக்குச்சிகளைச் சீவி வாசக்கால் செய்து வைத்திருந்தான். மூன்று சென்டிமீட்டர் உயரம்.

"மஞ்சள் தடவணும்."

"தடவினா பசை புடிக்காதுக்கா."

"மஞ்சள் தடவாத வாசக்கால் புடிச்சா இன்னா, புடிக்காட்டி இன்னா?"

ஒற்றை மயிர்த் தூரிகையால் மஞ்சளைத் தீட்டினான். குங்குமத்தை ஊசிமுனையில் தொட்டு மூன்று புள்ளி. அடியில் போடக் காசு வேண்டும். அவள் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்த ஒரு ரூபாய், வாசலைவிட அகலமாக இருந்தது. தேவயானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயம்மாவும் ஒரு கணம் சிரித்தாள். உடனே அதற்காகப் பயந்தவள்போல் நிறுத்திக்கொண்டாள். கம்மலைக் கழற்றி நீட்டினாள்.

"ஒரசு. தங்கம் இருந்தா போதும்."

பொடி அரத்தால் கம்மலின் பின்பக்கம் ஒரே ஓர் இழுப்பு. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அரத்தை வாசல் இடத்தில் துடைத்தான். ஒரு கேழ்வரகை இடுக்கியில் எடுத்து வைத்தான். "இப்ப வைக்கலாமா?" என்றான். "இரு," என்று அவள் போனில் மணி பார்த்தாள். பசை சொட்டு முனையில் நின்றது. காய்ந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி தொட்டான்.

"இப்ப."

வாசக்கால் நின்றது. சுவர் இல்லை, கூரை இல்லை. சுற்றிலும் ஆறு வீடுகள் இடிந்து கிடக்க நடுவில் மஞ்சள் பூசிய வாசல் மட்டும். அவன் செய்ததிலேயே அவனை மிகவும் பயமுறுத்தியது அதுதான்.

வியாழக்கிழமை உள்ளே. அவள் சொல்லச்சொல்ல வைத்தான்.

"ஃப்ரிட்ஜு ஹால்ல. சமையக்கட்டு வாசல்ல நொழையல. மொத மாசச் சம்பளத்துல அவன் வாங்கிக் குடுத்தது. அளவு பாக்காம வாங்கிட்டான், கழுதை."

"கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"

"அது இன்னாத்துக்கு உனுக்கு, தண்ணி எடுத்துக் குடிக்கப்போறியா? இடதுபக்கம்."

டிவி. சாமி மாடம். சுருட்டிய பாய், ஒன்றல்ல, இரண்டு. வேணுவின் தகரப் பெட்டி. அவள் சொல்கிறபோது கண்ணை மூடிக்கொண்டாள். அவன் முதல்முறையாக அந்த வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தான். சாயங்காலம் ஆனதும் அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"எல்லாம் இருக்குது. அவனையும் வெச்சிடு."

"அக்கா..."

"கூரை போடறதுக்கு முன்னாடி வெச்சிடு. வூட்டை வெறுமனவா மூடுவாங்க?"

அவனிடம் பிளாஸ்டிக் ஆட்கள் உண்டு. ஒரு பெட்டிக்கு நாற்பத்தெட்டு பேர், எல்லாரும் ராணுவம். ஓடுகிறவன், மண்டியிட்டுக் குறிபார்க்கிறவன், கையெறி குண்டை ஓங்கியவன். நிற்கிறவன் ஒருவனைத் தேடி எடுத்தான். தொப்பியைச் சீவித் தலைமயிராக்கினான். பூட்ஸை அறுத்துப் பாதமாக்கினான். துப்பாக்கியை வெட்டினான். சட்டைக்கு ஜெயம்மா சொன்ன கோடு. ஆனாலும் கைகள் முன்னே நீட்டி எதையோ இறுக்கிப் பிடித்தபடியே இருந்தன.

"இன்னாத்தைப் புடிச்சிக்கினு இருக்கறான்?"

"அது... அச்சு அப்படிக்கா. மாத்தினா கை ஒடிஞ்சிடும்."

ஜெயம்மா யோசித்தாள். "கையில போனைக் குடு. அதுவாச்சும் போன் பண்ணட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. கறுப்புப் பிளாஸ்டிக்கில் கடுகில் பாதி வெட்டி அந்தக் கைகளுக்குள் ஒட்டினான். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் பசை வைத்து நிறுத்தினான். பத்து நொடி பிடித்துக்கொண்டிருந்தான். விரலை எடுத்ததும் பொம்மை வேணு நின்றான், தலையைக் கொஞ்சம் சாய்த்து. போனைப் பார்க்கிறவன் மாதிரியும் இருந்தது. குறிபார்க்கிறவன் மாதிரியும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வேணு கூப்பிட்டான்.

தெருவில் அலறல் கேட்டுப் பாலசுந்தரம் கெட்டதுதான் என்று நினைத்தான். ஜெயம்மா போனைக் கையில் ஏந்திக்கொண்டு குறுக்கே ஓடிவந்தாள், நெருப்பை எடுத்து வருகிறவள் மாதிரி. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பாலசுந்தரம் இடது காதைத் திருப்பினான்.

"...கேம்ப் மாத்திட்டாங்கம்மா. போனு ஒடைஞ்சிடுச்சு. இது கூட இருக்கறவன் போனு."

"பேமானி! ஆறு நாளு! துன்னியா?"

"துன்னேன். நீ அழுவாத."

"யாரு அழுவறாங்க? அங்க எப்படி இருக்குது?"

"மேல சத்தம் கேட்டுக்கினேதான் இருக்குதும்மா. ராத்திரி, பகலு. பழகிப்போச்சு. லாரி ஓட்டச்சொல்றாங்க, ஓட்டிக்கினு இருக்கறோம். லீவு இப்ப குடுக்க மாட்டானாம்."

"கூரைக்கு உள்ளயே இரு. வெளிய நிக்காத. கேக்குதா?"

லைன் போய்விட்டது. ஜெயம்மா மேஜையைப் பார்த்தாள். கூரையில்லாத வீட்டுக்குள் அவன் போனோடு நின்றிருந்தான். "கூரையைப் போட்டுடு பாலா," என்றாள். போய்விட்டாள். மத்தியானம் கேசரி அனுப்பினாள்.

சாயங்காலத்துக்குள் பக்கத்து வீட்டுச் செங்கம்மா வந்தாள். "எங்க வூட்டையும் நிறுத்திடேன் பாலா. பொண்ணு பெங்களூர்ல ஒண்டியா இருக்குது. உன் கை ராசி." அவன் சிரித்து மழுப்பினான். அவள் போனதும் கிரீஸே இல்லாத கையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினான். திங்கட்கிழமை வசவு வாங்கியபோது இப்படி இல்லை. கட்டினால் போன் வரும் என்றால், இந்தக் கை நான்கு மாதம் இங்கே உட்கார்ந்து செய்தது என்ன? இல்லை, எல்லாம் தற்செயல். கேம்ப் மாற்றினார்கள், போன் உடைந்தது. அப்படித்தான். தேவயானியிடம் சொன்னான். "அப்படித்தான்," என்றாள் அவளும். ஆனால் மேஜைப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை கூரை போட்டான். தளம், கைப்பிடிச் சுவர், டிஷ், காயப்போட்ட ஒரு போர்வை. பின்னால் தள்ளி நின்று பார்த்தபோதுதான் அந்தத் தவறு தெரிந்தது.

கண்காட்சி மண்டபங்களில் விளக்கு எல்லாப் பக்கமும் இருக்கும். தொங்குகிற விமானத்தின் நிழல் கீழே விழாது. அதனால் நிழலை வர்ணமாகவே தெளித்துவிடுவது வழக்கம். அவனும் சாம்பல் நிறத்தை நீர்த்து, இறக்கையும் வாலுமாகத் தெருவின்மேல் மெல்லத் தெளித்திருந்தான். இப்போது அந்த நிழல் செங்கம்மா வீட்டுச் சுவரில் ஏறி, தெருவில் இறங்கி, ஜெயம்மா வீட்டருகே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் மறுபடி தொடங்கியது. நடுவில் புதுக்கூரை வெளேரென்று இருந்தது.

வர்ணம் தெளிக்கிற ஏர்பிரஷை எடுத்தான். சாம்பலைக் கலந்து காகிதத்தில் அடித்துப் பார்த்தான். நிறம் சரியாகப் பொருந்தியது. இரண்டு நிமிஷ வேலை. முனையைக் கூரைக்கு மேலே கொண்டுபோனான். வேணு சொன்னது நினைவுக்கு வந்தது: மேல சத்தம் கேட்டுக்கினேதான் இருக்குது. விரல் அமுக்கவில்லை. வர்ணத்தை வெளியே ஊற்றிக் குவளையைக் கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை பழைய டிவி அட்டைப்பெட்டியில் பலகையை வைத்து மடியில் தாங்கிக்கொண்டு அவனும் தேவயானியும் பஸ்ஸில் திருப்பதிக் கண்காட்சிக்குப் போனார்கள். மேடுபள்ளம் வரும்போதெல்லாம் அவன் பெட்டியோடு எழுந்து நின்றான். "ஏமண்டி, உள்ள கோழியா?" என்றான் கண்டக்டர். "வீடு," என்றாள் தேவயானி.

மண்டபத்தில் இருபது மேஜைகள். மார்க் போடுகிறவர் வேங்கடாசலம் என்று ஒரு பெரியவர், நாற்பது வருஷமாக மாடல் செய்கிறவர். ஒவ்வொரு பலகையையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார். இவன் பலகையில் அதிகநேரம் நின்றார்.

"மீரேனா, நீங்கதானா செஞ்சது? பாக உந்தி, நல்லா இருக்கு. அந்தக் கம்பி, அந்தப் பட்டி உடைஞ்சிருக்கிற விதம்... ரொம்ப நாள் பார்த்துக்கினு இருந்திருக்கீங்க. ஆனா இந்த ஒரு வீடு மட்டும் எப்படித் தப்பிச்சது?"

"தெரியல சார்."

"சரி, அது உங்க கற்பனை. நிழலைக் கவனிச்சீங்களா? ரெண்டு பக்கமும் கரெக்டா போட்டிருக்கீங்க. இந்தக் கூரைமேல மட்டும் விட்டுப்போச்சு. இதுக்கு மார்க் போயிடும்."

"ஆமா சார். விட்டுப்போச்சு."

"அந்த டேபிள்ல ஏர்பிரஷ் இருக்கு, வர்ணமும் இருக்கு. நான் கடைசிவரைக்கும் போய்ட்டுத் திரும்பி வரேன். போட்டுடுங்க."

தேவயானி அவனைப் பார்த்தாள். அவளுக்கு அந்த வெள்ளைக் கூரை இப்போதுதான் புரிந்தது.

"வேணாம் சார்," என்றான் பாலசுந்தரம். "இருக்கட்டும்."

பெரியவர் தோளைக் குலுக்கிவிட்டு எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

மூன்று மணிக்குமேல் மேற்கு ஜன்னலில் வெயில் வந்தது. அவன் எதிர்பார்க்காதது. பலகையின் ஓரத்தில் நிஜ நிழல் ஒன்று முளைத்தது. முதலில் மூக்கு, பிறகு ஓர் இறக்கை. அரைமணிக்கு ஒரு வீடாக நகர்ந்தது. மேஜையைத் திருப்பலாமா என்று கேட்டான். எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும், கூடாது என்றார்கள். ஜன்னலுக்குத் திரை இல்லை. நிழல் செங்கம்மா வீட்டு இடிபாட்டைக் கடந்து தெருவில் இறங்கி ஜெயம்மா வீட்டை நெருங்கியபோது அவன் போய் ஜன்னலுக்கும் பலகைக்கும் நடுவில் நின்றான்.

"சார், கொஞ்சம் ஜருகண்டி, மறைக்குது," என்றார் பார்க்க வந்த ஒருவர்.

"அந்தப் பக்கமா வந்து பாருங்க," என்றாள் தேவயானி.

முதுகில் வெயில் சுட்டது. அவன் நகரவில்லை. வெயில் சாயச்சாய இடம் மாற்றி நின்றான், ஓரடி, அரையடி. ஐந்து மணிக்கு வெளிச்சம் எதிர்க்கட்டிடத்துக்குப் பின்னால் போகிறவரைக்கும் நின்றான். பரிசு யாருக்கோ கொடுத்தார்கள், கைதட்டல் கேட்டது, வலதுபக்கம் என்பதால் பெயர் காதில் விழவில்லை.